ஐயருக்கு மே மாதத்தோடு ஓய்வு. அடுத்த ஊர் எதுன்னு இனி யார் சொல்வா?

குருமனைவாசி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் இருக்கேன். இப்பதான் முதல்ல எழுதுறேன்.

வர்ற மே மாசத்தோட எங்க வீட்டு ஐயருக்கு, அதாவது சபை போதகரா இருக்கிற என் கணவருக்கு, ஓய்வு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சபை கொடுக்கிற குருமனையிலதான் குடித்தனம். சொந்த வீடுன்னு ஒண்ணு இருந்ததில்ல, தேவையும் படல. மாறுதல் உத்தரவு வரும், லாரி பிடிப்போம், பாத்திரத்தைச் சாக்குல கட்டுவோம். அங்க என்ன பள்ளிக்கூடம், கிணத்துத் தண்ணி உப்பா நல்லதா, சபைல எத்தனை கோஷ்டி, எல்லாம் போய் இறங்கின பிறகுதான் தெரியும். சிரிச்சுட்டே போன ஊரும் உண்டு, அழுதுட்டே போன ஊரும் உண்டு. ஆனா ஒண்ணு கேட்டீங்களா, எங்க போகணும்னு நான் ஒருநாளும் ஜெபிச்சதே இல்ல. போற இடத்துல சமாதானமா இருக்கணும்னுதான் ஜெபிப்பேன். தேவன் எங்களை எங்க நடத்துறார்ங்கிறது சபைகளையெல்லாம் நிர்வகிக்கிற திருமண்டல ஆபீஸ் காகிதத்துல டைப் அடிச்சு வந்துரும்.

இனிமே காகிதம் வராது. மாமியார் வீடு உடன்குடி பக்கம் ஒரு கிராமத்துல பூட்டிக் கிடக்கு, ஓடு சரிஞ்சு போச்சு. மகள் மஸ்கட்டுக்கு வரச் சொல்றா, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கலாம்னு. மகன் பெங்களூருல ரெண்டு ரூம் பிளாட்ல இருக்கான், அவனும் கூப்பிடுறான். இந்தச் சபை ஆளுங்க "இங்கேயே ஒரு மனை வாங்கிப் போடுங்க ஐயரம்மா"ன்னு பிடிச்சு வைக்கிறாங்க. தெரிஞ்ச ஊழியக்காரர் ஒருத்தர் அவர் நடத்துற முதியோர் இல்லத்துக்கு எங்க ரெண்டு பேரையும் பொறுப்பா இருக்கக் கேட்கிறார். அஞ்சு கதவும் திறந்துதான் இருக்கு. எதுலயும் என் பேர் எழுதல.

யார் வீட்லயாவது ரிட்டயர்மென்ட்னா நானும் போய் ஆபிரகாம் கதையைச் சொல்லி ஜெபிச்சுட்டு வந்திருக்கேன். இப்ப எனக்கு அந்தக் கதை உதவ மாட்டேங்குது. ஆபிரகாமுக்கு 75 வயசுலயும் "புறப்பட்டுப் போ"ன்னு சத்தம் கேட்டுது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கல.

ஒரு காலம் முடியும்போது அடுத்தது இதுதான்னு நீங்க எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க? அனுபவப்பட்டவங்க எழுதுங்க. "எல்லாம் நன்மைக்கே"ன்னு மட்டும் எழுதிடாதீங்க. அதை நானே எத்தனையோ வீட்ல சொல்லிட்டு வந்தவ.

கிருபையே_போதும் எழுதியது:

எல்லாம் நன்மைக்கே ஐயரம்மா. ஆமென் 🙏

சந்தேகத் தோமா எழுதியது:

பிரதர், கடைசி பத்தியைப் படிக்கவே இல்லையா?

தேரிமணல் எழுதியது:

ஐயரம்மாவுக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான்.

ஆபிரகாமைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 1 இராஜாக்கள் 17-ஐ எடுங்கள். மழை பெய்யாது என்று ராஜாவாகிய ஆகாபிடம் சொல்லிவிட்டு எலியா தீர்க்கதரிசி கேரீத் ஆற்றண்டையில் ஒளிந்திருக்கிறார். காகங்கள் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன, தண்ணீர் ஆற்றில் இருக்கிறது. பிறகு ஆறு வற்றிப்போகிறது. "சாறிபாத்துக்குப் போ" என்ற வார்த்தை வருவது அதற்குப் பிறகு. தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்ததே, அந்த நாட்களில் எலியாவுக்கு எந்தச் செய்தியும் வந்ததாக வேதத்தில் இல்லை. அவர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார், அவ்வளவுதான். நீங்கள் இப்போது இருப்பது அந்த நாட்களில்.

இன்னும் இரண்டு விஷயம். ஆறு வற்றியது எலியா ஏதோ தவறு செய்ததால் அல்ல. அவர் சொன்ன வார்த்தையேதான் நிறைவேறிக்கொண்டிருந்தது. ஓய்வு வயது வருவதை ஏதோ கைவிடப்பட்டதுபோல நினைக்கிற ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அடுத்தது, சாறிபாத் சீதோனைச் சேர்ந்த ஊர். ஆகாபின் மனைவி யேசபேல் சீதோன் ராஜாவின் மகள். அதாவது, தன்னைக் கொல்லத் தேடுகிறவளின் தகப்பன் நாட்டுக்கே போகச் சொல்கிறார் தேவன். அங்கே சோறு போடப்போகிறவள் ஒரு விதவை, அவள் பானையில் இருப்பது ஒரு பிடி மாவு. அடுத்த இடம் முந்தைய இடத்தைவிட வசதியாக இருக்க வேண்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

சந்தேகத் தோமா எழுதியது:

சார் சொன்னது அழகா இருக்கு. ஆனா ஒரு கேள்வி. எலியாவுக்குக் கடைசியில வார்த்தை வந்துச்சே? அம்மாவோட பிரச்சினை வார்த்தையே வராதவங்களுக்கு என்ன வழிங்கிறது.

நம்ம ஆளுங்க இதுக்கு வச்சிருக்கிற வழியெல்லாம் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு. வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதுல எரேமியா 29:11, உங்களுக்காக நான் நினைக்கிறது சமாதானத்துக்கான நினைவுகள்ங்கிற வசனம், வந்துட்டா போதும், வீடு வாங்குறது, விசா, கல்யாணம் எல்லாத்துக்கும் அதுதான் உத்தரவு. அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தை யாராவது வாசிச்சிருக்காங்களா? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எழுதின கடிதம் அது. 70 வருஷம் கழிச்சுத்தான் திரும்புவீங்கன்னு சொல்லுது. அதாவது கடிதத்தை வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க அங்கேயே செத்துப் போவாங்க. அதுக்கும் மேலே 5-ஆம் வசனம் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு சொல்லுது. "சீக்கிரம் எல்லாம் மாறும்"ங்கிற வசனமே இல்ல அது. இருக்கிற இடத்துல வேரூன்றுங்கிற வசனம்.

அடுத்து கிதியோன் தோல். தோலை வெளியில போட்டு, அதுல மட்டும் பனி விழுந்தா தேவன் சொன்னது நிச்சயம்னு அவன் அடையாளம் கேட்ட கதை. "ஆண்டவரே, நாளைக்குள்ள ஃபோன் வந்தா நான் மஸ்கட் போறேன்." கிதியோனுக்கு என்ன செய்யணும்னு ஏற்கெனவே நேரடியா சொல்லியாச்சு. பயத்துலதான் தோலைப் போட்டான், அதுவும் ரெண்டு தரம். அதைப் போய் முறையா வச்சிருக்கோம்.

அம்மா கோவிச்சுக்காதீங்க. பென்ஷன் எவ்வளவு வரும், ஐயருக்கு சுகர் பிரஷர் உண்டா, நல்ல ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், மகள் மருமகன் உண்மையிலேயே கூப்பிடுறாங்களா, பிள்ளை பார்க்க ஆள் தேடுறாங்களா. இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. தேவன் புத்தியையும் கொடுத்திருக்கார்.

கிருபையே_போதும் எழுதியது:

புத்தியை நம்பாதே என்று நீதிமொழிகள் 3:5 சொல்கிறது தம்பி.

சந்தேகத் தோமா எழுதியது:

"உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்"னு சொல்லுது. சாயக்கூடாதுன்னா கழட்டி வச்சிடணும்னு இல்ல அண்ணே.

மஸ்கட் சிஸ்டர் எழுதியது:

ஆன்ட்டி, நான் மஸ்கட்லதான் நர்ஸா இருக்கேன். உங்க மகள் யாருன்னு தெரியாது, ஆனா அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

எங்க அம்மாவையும் நான் இப்படித்தான் கூட்டிட்டு வந்தேன். அன்பாத்தான் கூப்பிட்டேன், பிள்ளையைப் பார்க்க ஆள் வேணும்ங்கிறதும் உண்மைதான். ரெண்டும் சேர்ந்தேதான் இருக்கும், அதுல தப்பு இல்ல. ஆனா காலையில நாங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பின பிறகு நாலாவது மாடி பிளாட்ல அம்மாவுக்கும் டிவிக்கும்தான் பேச்சு. மே, ஜூன்ல வெளியில கால் வைக்க முடியாத வெயில். ரூவியில நல்ல தமிழ் ஆராதனை உண்டு, வெள்ளிக்கிழமைதான் நடக்கும். அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை வேலை நாளா இருக்கிறதைக் கடைசி வரைக்கும் ஏத்துக்க முடியல. ஊர்ல இருந்தா தினம் நாலு வீட்டுக் கதவைத் தட்டிட்டு வர்ற ஆள் அவங்க.

நீங்க ஐயரம்மா. உங்க வீட்டுக்கு தினம் ஆள் வந்துட்டே இருந்திருக்கும். வராம இருக்கிற வீடு எப்படி இருக்கும்னு நீங்க பார்த்ததே இல்லைல்ல? முதல்ல மூணு மாசம் விசிட்ல வந்து பாருங்க. வீட்டைக் காலி பண்ணிட்டு வராதீங்க.

(யாருக்காவது இங்க விசா விவரம் வேணும்னா என் நம்பர் ▇▇▇▇)

நெறியாளர்: கைப்பேசி எண் நீக்கப்பட்டது. தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள்.

மணப்பாட்டான் எழுதியது:

நான் கத்தோலிக்கன், உள்ளே வரலாமா தெரியல. ஆனா தோமா தம்பி சொன்ன "தாள்ல எழுதிப் பார்" விஷயத்துக்கு எங்க பக்கம் ஒரு பழைய பாடமே உண்டு.

எங்க இயேசு சபையைத் தொடங்கின இக்னேஷியஸ் 1521-ல பம்ப்லோனா கோட்டையில பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் படுத்தார். படை வீரர் வாழ்க்கை அதோட சரி. படுக்கையில கிடக்கும்போது மனசு எதுக்குப் பிறகு காய்ஞ்சு போகுது, எதுக்குப் பிறகு நிறைஞ்சு நிக்குதுன்னு கவனிக்க ஆரம்பிச்சார். அதுல இருந்து அவர் எழுதின விதிகள்ல ஒண்ணை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்: மனசு வறண்டு இருண்டு கிடக்கிற நேரத்துல பெரிய முடிவை மாத்தாதே, முன்னாடி தெளிவா இருந்தப்போ எடுத்த முடிவுலயே நில்லு. ஐயரம்மா, வீட்டைக் காலி பண்ற துக்கம் இன்னும் கிட்ட வரவே இல்ல. மே மாசம் லாரி வந்து நிக்கும்போது வர்ற மனநிலையில மனை வாங்குறது, முதியோர் இல்லத்துக்குக் கையெழுத்துப் போடுறது மாதிரி திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யாதீங்க.

அப்புறம் அதே மனுஷன் எருசலேம்லதான் வாழணும்னு தீர்மானமா இருந்தார். 1523-ல போனார், அங்க இருந்த பிரான்சிஸ்கன் சபையார் தங்கக்கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. 1537-ல தோழர்களோட வெனிஸ்ல கப்பலுக்குக் காத்திருந்தார், துருக்கியரோட சண்டை, கப்பலே போகல. சரின்னு ரோமுக்குப் போனாங்க. 1540-ல இயேசு சபைக்கு அங்கீகாரம். அதே வருஷம் இந்தியாவுக்குப் போகவேண்டியவர் அவரோட தோழர் பொபதில்லா. அவருக்கு உடம்பு சரியில்லாம போனதால கடைசி நேரத்துல பிரான்சிஸ் சவேரியார் கிளம்பினார். 1542-ல கோவா, அதே வருஷக் கடைசிக்குள்ள எங்க முத்துக்குளித்துறை. எங்க ஊர்ல அவர் தங்கின குகை இன்னும் இருக்கு. ஒருத்தர் நோய்ல படுத்ததாலதான் எங்க ஊருக்கு அவர் வந்தார். எந்தச் சத்தமும் கேட்டு வரல.

பனைவிடலி எழுதியது:

நான் குருமனையில பிறந்து வளர்ந்தவ. அதனால இது எனக்கு ரொம்பக் கிட்டக்க இருக்கிற விஷயம் அக்கா. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

வேதத்துல ஓய்வு வயசு தெளிவா இருக்கிற ஒரு இடம் உண்டு. எண்ணாகமம் 8-ஆம் அதிகாரக் கடைசி. லேவியர் 25 வயசுல ஆசரிப்புக் கூடார வேலைக்குள்ள வரணும், 50 வயசானா விட்டுரணும். விட்ட பிறகு சகோதரரோட சேர்ந்து காவல் காக்கலாம், ஆனா பணிவிடை செய்யக்கூடாது. அப்பா ஓய்வு பெற்ற வருஷம் இதை எடுத்து வாசிச்சுட்டு "காவல் காக்கிறதுன்னா என்னம்மா வேலை?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. எனக்கும் தெரியல. கூடாரத்துச் சாமான் எங்கெங்க இருக்கு, எதை எப்படித் தூக்கணும், எதைத் தொட்டா ஆபத்து, இதெல்லாம் தெரிஞ்ச ஆள் பக்கத்துல நிக்கணும், ஆனா கையை நீட்டக்கூடாது. அப்பாவுக்கு அந்த ரெண்டாவது பாதி ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. யாரோ ஒருத்தர் ஆசீர்வாதம் கூறும்போது அப்பா கை தானா பாதி எழும்பும், இறக்கிக்குவாங்க.

இதனாலதான் சொல்றேன், இப்ப இருக்கிற சபை ஊர்ல மனை வாங்காதீங்க அக்கா. அந்த ஜனங்க அன்பாத்தான் சொல்றாங்க. ஆனா அடுத்து வர்ற ஐயரம்மா பாவம். அவங்க அசனத்துக்கு, சபை விருந்துக்கு, எத்தனை மூட்டை அரிசின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஜனங்க உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. "பழைய ஐயரம்மா இருந்தப்போ"ங்கிற வார்த்தையை உங்க காது கேட்க அவங்ககிட்ட சொல்லுவாங்க. நீங்களும் ஒரு காலத்துல புது ஐயரம்மாவா வந்தவங்கதானே.

அப்புறம் அம்மாவைப் பத்தி. அப்பாவுக்குப் பாராட்டு விழா நடத்தி சால்வை போட்டாங்க. ஆனா பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வு நாள் பள்ளி, பிள்ளை பெத்த வீட்டுக்கு மருந்துக் குழம்பு, சாவு வீட்ல ராத்திரி முழுக்க உட்கார்றது, இதையெல்லாம் சம்பளம் இல்லாம செஞ்ச அம்மாவுக்கு ஓய்வுன்னு ஒரு தேதியே இல்ல. "ஐயரம்மா"ன்னு கூப்பிட்டே பழகினவங்களுக்கு, கடைக்காரன் முதல் தடவை "பாட்டிம்மா, என்ன வேணும்"னு கேட்டப்போ எப்படி இருந்துச்சுன்னு அம்மா ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க.

ஒரு கேள்வி அக்கா. மகள் சொல்றது, மகன் சொல்றது, சபை சொல்றது, ஊழியக்காரர் சொல்றது எல்லாம் எழுதிட்டீங்க. ஐயர் என்ன சொல்றாங்க?

சந்தேகத் தோமா எழுதியது:

இதுதான் கேள்வி. நான் தாள்ல எழுதச் சொன்ன லிஸ்ட்ல இது முதல்ல வந்திருக்கணும்.

குருமனைவாசி எழுதியது:

எல்லாரும் எழுதினதை ராத்திரி உட்கார்ந்து வாசிச்சேன். மஸ்கட் சிஸ்டர், உங்க அம்மா கதை மனசைப் பிசைஞ்சுது. மணப்பாட்டு ஐயா, தாராளமா வாங்க, எங்க பிள்ளைங்க படிச்சதே உங்க சிஸ்டர்ஸ் பள்ளிக்கூடத்துலதான்.

பனைவிடலி, ஐயர்கிட்ட கேட்காம இல்ல. கேட்டா "ஜெபிப்போம்"னு சொல்லிடுவாங்க. ஐயருங்க வாயில "ஜெபிப்போம்" வந்தா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா! ஆனா நீங்க கேட்ட பிறகு நான் விடல. நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், "சபைக்குச் சொல்ற மாதிரி சொல்லாதீங்க, எனக்குச் சொல்லுங்க"ன்னேன்.

ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "எனக்கு எங்கேன்னு இல்ல. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு உன்கூட வீட்டுக்கு நடந்து வரணும்."

நாங்க அப்படி நடந்து வந்ததே கிடையாது. சேகரத்துல எப்பவும் நாலஞ்சு சபை இருக்கும். ஒரு ஊர்ல ஆராதனை முடிச்சுட்டு அங்கியை மடிச்சுப் பைல வச்சு பைக்ல அடுத்த ஊருக்குப் போவாங்க. மதியம் ரெண்டு மணிக்கு மேல வருவாங்க. நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து சாப்பாடு மூடி வச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருஷத்துல அதை ஒரு குறையா ரெண்டு பேருமே பேசினதில்ல.

நான் அஞ்சு கதவு எண்ணிட்டு இருந்தேன். அவங்க மனசுல இருந்தது எந்த ஊர்ங்கிறதே இல்ல.

ஆழ்வார்திருநகரியான் எழுதியது:

இந்த இழையை வாசிக்கிற ஒரே வைஷ்ணவன் நான்தானோ என்னவோ. பக்கத்து ஊர்க்காரன்ங்கிற உரிமையில ரெண்டு வரி.

எங்களுக்குள்ள வடகலை தென்கலைன்னு நடக்கிற சண்டையில பாதி இந்தக் கேள்விதான். வடகலை சொல்றது குரங்குக்குட்டி, அது தாயைத் தானே இறுகப் பிடிச்சுக்கணும். தென்கலை சொல்றது பூனைக்குட்டி, அதைத் தாய் வாயில கவ்வித் தூக்கிட்டுப் போயிடும், குட்டி ஒண்ணும் செய்ய வேண்டாம். சரணாகதி எதைப் போலன்னு பெரியவங்க நூத்தாண்டுக் கணக்கா வாதாடியாச்சு. மாமி இத்தனை வருஷம் பூனைக்குட்டியா இருந்துட்டார். இப்ப திடீர்னு கவ்வல் விட்ட மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

எங்க அப்பா மடைப்பள்ளிக் கைங்கரியத்தை விட்டப்போ இதே திண்டாட்டம்தான். விடிகாலையில முழிப்பு வந்துடும், எழுந்து என்ன பண்றதுன்னு தெரியாது. அப்பா கடைசி வரைக்கும் தென்கலைதான், ஆனா காபி மட்டும் தானே போட்டுக்கக் கத்துண்டார்.

சந்தேகத் தோமா எழுதியது:

😂 அந்தக் காபிக்கு என் ஓட்டு.

தேரிமணல் எழுதியது:

ஐயரம்மா, உங்கள் பதிலை வாசித்த பிறகு ஒன்று தோன்றியது. யோசுவா 5:12. கில்காலில் பஸ்காவை ஆசரிக்கிறார்கள், மறுநாள் கானான் தேசத்துத் தானியத்தைச் சாப்பிடுகிறார்கள், அதற்கு அடுத்த நாளிலே மன்னா நின்றுபோகிறது. நாற்பது வருஷம் விடியும்போது கூடாரத்தைச் சுற்றி விழுந்துகிடந்த ஆகாரம். அதோடு வேறொன்றையும் பாருங்கள். வனாந்தரத்தில் எப்போது புறப்பட வேண்டும், எங்கே பாளயமிறங்க வேண்டும் என்பதை மேகம் தீர்மானித்தது. இரண்டு நாளானாலும் ஒரு வருஷமானாலும் மேகம் தங்கினால் தங்கினார்கள் என்று எண்ணாகமம் 9 சொல்கிறது. யோர்தானைக் கடக்கும்போது மேகத்தைப் பற்றிய பேச்சில்லை. உடன்படிக்கைப் பெட்டி முன்னே போகிறது, ஏறக்குறைய இரண்டாயிர முழம் இடம் விட்டுப் பின்னே வாருங்கள் என்கிறார்கள். காரணமும் சொல்லப்படுகிறது: இதற்குமுன்னே இந்த வழியாய் நீங்கள் நடந்துபோகவில்லை.

நீங்கள் சொன்ன டைப் அடித்த காகிதம் ஒருவகை மேகம். அது நின்றதால் நடத்துகிறவர் நின்றுவிட்டார் என்று ஆகாது. மன்னா நின்ற தேசத்தில் உழவேண்டும், விதைக்கவேண்டும், களத்தில் அடித்துத் தூற்றவேண்டும். அங்கே சாப்பிட்டதும் தேவன் கொடுத்ததுதான். உங்களுக்கு இப்போது அந்த வேலை வந்திருக்கிறது, தீர்மானிக்கிற வேலை.

வயதானபின் என்ன செய்துவிட முடியும் என்ற எண்ணம் வந்தால் போப் ஐயரை நினைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய சாயர்புரத்தில் செமினரி தொடங்கியவர். இந்தியாவைவிட்டுப் போன பிறகு ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து 1886-இல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார், 66 வயது. திருவாசகத்தை வெளியிட்ட 1900-இல் அவருக்கு 80.

சந்தேகத் தோமா எழுதியது:

சார், மன்னா பாயின்ட் எனக்குப் பிடிச்சிருக்கு. முதல்ல எழுதின கேரீத்தைவிட இது நல்லாப் பொருந்துது. ஆனா போப் ஐயரை விட்டுடுங்க. அவருக்கு ஆக்ஸ்போர்டுல நாற்காலி போட்டுக் கொடுத்தாங்க. நம்ம அம்மாவுக்கு முட்டி வலி, வீட்டுக்கு ஓடு இல்ல. எல்லா ஓய்வுக்கு அப்புறமும் ஒரு பெரிய சாதனை காத்திருக்குன்னு சொல்றதும் ஒரு வாக்குத்தத்த அட்டைதான்.

பவுல் கதையை யாரும் சொல்லலையேன்னு நானே சொல்றேன். அப்போஸ்தலர் 16. ஆசியாவுல பேசக்கூடாதுன்னு தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறாங்க, அதுவும் தடை. கடற்கரையில துரோவாவுல வந்து நிக்கிறாங்க. அங்க ராத்திரி தரிசனம் வருது, சரி. ஆனா அடுத்த வசனத்துல "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு"ன்னு இருக்கு. தரிசனம் பார்த்தது ஒருத்தர், நிச்சயிச்சது எல்லாரும். உட்கார்ந்து பேசியிருக்காங்க. ஐயர்கிட்ட நீங்க நேத்து ராத்திரி பேசினதுதான் என் கணக்குல துரோவா.

பனைவிடலி எழுதியது:

தோமா, உனக்குள்ள ஒரு பிரசங்கியார் ஒளிஞ்சிருக்கார். பேரை மாத்திக்கோ.

போப் ஐயர் வேண்டாம்னா டோனாவூர் அம்மாவைச் சொல்லலாமா? எமி கார்மைக்கேல் முதல்ல ஜப்பானுக்குப் போய் உடம்பு கெட்டுத் திரும்பினவங்க. 1895-ல இந்தியா வந்து, நம்ம பக்கத்துல மாட்டுவண்டியில ஊர் ஊரா சுவிசேஷம் சொல்லிட்டு இருந்தாங்க. 1901-ல கோவில்ல இருந்து தப்பி வந்த ஒரு சின்னப் பிள்ளை அடைக்கலம் கேட்டு வந்துச்சு. பிறகு இன்னொண்ணு. கைக்குழந்தைங்களை வச்சுக்கிட்டு வண்டி கட்ட முடியுமா? ஊர் சுத்துற ஊழியம் அதோட போச்சு. 1931-ல குழியில விழுந்து கால் முறிஞ்சுது. 1951-ல சாகிற வரைக்கும் பெரும்பாலும் அந்த அறைக்குள்ளதான். அங்க இருந்தே நிறைய எழுதினாங்க, அது பெரிய விஷயம்தான். ஆனா எனக்கு அதைவிட, ஓடியாடின மனுஷி இருபது வருஷம் மத்தவங்க கையை எதிர்பார்த்துப் படுத்திருந்ததுதான் நினைவுல நிக்குது. டோனாவூர் போனா அந்த அறையைப் பாருங்க. அந்த அம்மாவுக்கு எந்தக் காலமும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்துட்டு முடியல. உங்களுக்கு மே மாசம்னு தேதியாவது தெரியுது அக்கா.

கிருபையே_போதும் எழுதியது:

நான் முதலில் அவசரமாக ஒரு வரி போட்டேன். என் தகப்பனாரும் சபை ஊழியர். ஓய்வு பெற்றபின் எங்களோடு வந்து இருந்தார். "எனக்கு எதாவது வேலை கொடு" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை, அவராக உட்கார்ந்தார். முதலில் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். ஐயரம்மாவுக்காக ஜெபிக்கிறேன்.

குருமனைவாசி எழுதியது:

கொஞ்ச நாள் ஆயிடுச்சு, மன்னிக்கணும். பெரிய வெள்ளி, ஈஸ்டர்னு வேலை.

முடிவு பண்ணிட்டோம். மாமியார் வீட்டுக்குத்தான் போறோம். அடையாளம் எதுவும் வரல, கனவும் வரல. தோமா தம்பி சொன்ன மாதிரி ஒரு தாள்ல எழுதினோம், ஐயர் கையெழுத்துல. பென்ஷன்ல அங்க தாராளமா ஓட்டலாம். திருச்செந்தூர் கிட்ட, அவசரம்னா தூத்துக்குடி. சபை கூப்பிடு தூரத்துல. ஐயர் ஆசைப்பட்டபடி நடந்து வரலாம். கூட உட்காரத்தான் முடியாது, ஊர்க் கோவில்ல இன்னும் ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம்தான்.

முதியோர் இல்லத்துக்கு இப்ப இல்லைன்னு சொல்லிட்டோம். அவர் வருத்தப்பட்டார். மகள்கிட்ட டிசம்பருக்கு மூணு மாசம் வர்றோம்னு சொன்னேன், முதல்ல முகத்தைத் தூக்கினா, இப்ப சரியாயிட்டா. மகன் ஓட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கான்.

பயம் போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. சில ராத்திரி முழிப்பு வந்தா தப்பா முடிவு பண்ணிட்டோமோன்னு இருக்கும். முன்னாடி தப்பா இருந்தா ஆபீஸ்மேல பழி போடலாம், இப்ப அதுவும் முடியாது. ஆனா சார் சொன்ன அந்த "இரண்டாயிர முழம்" எனக்கு ரொம்ப உதவுது. ரொம்பக் கிட்டப் போய் நின்னா பெட்டிதான் தெரியும், வழி தெரியாது. தள்ளி நின்னா எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்க்கலாம். அவ்வளவு தெரிஞ்சா எனக்குப் போதும்.

அடுத்து வர்ற ஐயரம்மா போன் பண்ணினாங்க. சின்னப் பொண்ணு, கைக்குழந்தை. கிணத்து மோட்டார் சுவிட்ச் எங்கன்னு கேட்டா, சொன்னேன். அசனத்துக்கு எத்தனை மூட்டைன்னும் கேட்டா. "நீங்களும் கமிட்டியும் பேசி முடிவு பண்ணுங்கம்மா"ன்னுட்டேன். பனைவிடலி, சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

இப்ப ஒரு சந்தேகம், இது ஆவிக்குரிய சந்தேகம் இல்ல. உத்தரத்துல ரெண்டு கை கரையான் அரிச்சுப் போச்சு. பழையபடி பனைமரத்துல அறுத்த பனங்கையே போடலாமா, இரும்புக் குழாய் போடலாமா? ஆசாரி ஒண்ணு சொல்றார், கொத்தனார் ஒண்ணு சொல்றார்.

தேரிமணல் எழுதியது:

வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை கிடைத்தால் பனங்கையே போடுங்கள், நம் தலைமுறைக்கு மேல் தாங்கும். ஆனால் இப்போது இளம் மரத்தை அறுத்து முற்றிய மரம் என்று விற்கிறார்கள். அறுத்த முகத்தைப் பாருங்கள், ஓரம் கறுத்து அடர்ந்து இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இரும்பே போட்டுவிடுங்கள். சுவரில் பதியும் முனைக்கு மறக்காமல் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், நம் பக்கத்து உப்புக்காற்று சும்மா விடாது. நான் ஒருநாள் வந்து பார்க்கிறேன்.

சந்தேகத் தோமா எழுதியது:

இரும்பு. கரையானுக்கு வாக்குத்தத்தம் எல்லாம் தெரியாது.

பால் காய்ப்பு எப்பன்னு சொல்லுங்கம்மா, சென்னையில இருந்து வர்றேன்.